வால்ரஸ் கரையில் சுடாத துப்பாக்கி

அன்புள்ள தினெனாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

"முப்பது வருஷம் வகுப்புல கத்தினவரு, அங்க எப்படி வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க?" என்று நான் புறப்படும்போது கேட்டாய். இந்தப் பனிக் கடற்கரை முழுக்க வால்ரஸ்கள், அந்த நீண்ட தந்தமுள்ள கடல் விலங்குகள், குட்டிகளோடு நெருக்கிப் படுத்திருக்கின்றன. ஒரு தகர டப்பா விழுந்தால்கூட எல்லாம் மிரண்டு கடலுக்கு ஓடும், குட்டிகள் நசுங்கிவிடும். பள்ளி மணி அடித்ததும் வாசலில் சின்னப் பிள்ளைகள் மிதிபடுவார்களே, அப்படித்தான். அதனால் அவற்றுக்குக் காவல் இருக்கும் நானும், கூட இருக்கும் இளைஞன் ரில்தினும் கிசுகிசுப்பாகவே பேசுகிறோம்.

நேற்றுக் காலை ஒரு வெள்ளைக் கரடி குடிசைப் பக்கம் வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. ரில்தின் கையில் துப்பாக்கி இருந்தது.

"சுட்டா நாம பொழைப்போம், குட்டிங்க சாகும். என்ன சொல்றீங்க வாத்தியாரே?"

"கொஞ்சம் பொறுடா."

"அதைக் கரடிகிட்ட சொல்லுங்க."

பத்தடி தூரத்தில் நின்று எங்களை மோப்பம் பிடித்துவிட்டு, அது மேட்டுப் பக்கம் போய்விட்டது. அப்புறம் என் தேநீரில் மூன்று தடவை சர்க்கரை போட்டுவிட்டேன். குளிர்தான் காரணம்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. புதிது வேண்டாம், நீ போட்டுப் பழையதானதே போதும். கடிதம் கொண்டுபோகும் துடுப்புப் படகு கிளம்புகிறது, முடிக்கிறேன். சத்தம் போடாதவர்களை இங்கே தங்க விடுகிறார்கள். நீயும் இங்கே வருவதானால், இன்றிலிருந்து வீட்டுக் கதவை ஓசையில்லாமல் சாத்திப் பார்.

உன்,
கெமல்கோத்