அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடம்

ஆகஸ்ட் 30, 1987
பெண்கள் விடுதி, அறை 214

வெர்லீனுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். வாரத்தில் ஆறு நாள் கடையில் நின்றும் உங்களுக்கு ஒரு தலைவலிகூட வந்து நான் பார்த்ததில்லை.

செய்தி இதுதான். இங்கே மாணவிகளின் சகோதரிகள் சங்கம் ஒன்றில் என்னை எடுத்துக்கொண்டார்கள். இங்கே இப்படிப் பல சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீடு. இடம் கேட்டு எட்டு நாள் வெயிலில் அந்த வீடுகளின் வாசல் வாசலாகப் போய் நின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பது பெண்கள் கைதட்டிப் பாடி உள்ளே அழைத்துக்கொண்டு போவார்கள். அரை மணி நேரம் முகம் வலிக்கச் சிரிக்க வேண்டும். மறுநாள் பட்டியலில் பெயர் இல்லாதவள் அறையில் அழுதுகொண்டிருப்பாள். என் அறைத்தோழி மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டாள். எனக்குச் சனிக்கிழமை அழைப்பு உறை வந்தது, அதுவும் வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீட்டிலிருந்து. நம் ஊர் வங்கி மேலாளர் மகளுக்கே அங்கே இடம் கிடைக்கவில்லை.

சேர்க்கைக் கட்டணம், சட்டையில் குத்திக்கொள்ளும் சங்க முத்திரைப் பின், மாதச் சந்தா, வீட்டுச் செலவில் என் பங்கு எல்லாம் சேர்த்து மே மாதம் வரை எண்ணூற்று நாற்பது டாலர். தவணையில் கட்டலாம். பெற்றோரில் ஒருவர் பொறுப்பேற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். செப்டம்பர் இருபதுக்குள் வேண்டும். அப்பாவின் காப்பீட்டுப் பணம் உங்கள் பெயரில் வங்கியில் இருப்பது எனக்குத் தெரியும்.

லினெட் ஸ்ட்ரௌட்


செப்டம்பர் 4, 1987
ஹார்லன் க்ரீக், அலபாமா

லினெட்,

கடிதம் கிடைத்தது. போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த முதல் கடிதம். போய்ச் சேர்ந்தாயா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரி இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பணம்தான் இருந்தது.

எண்ணூற்று நாற்பது டாலர்! இருபத்து நாலு பேருக்கு முடி சுருட்டிவிட வேண்டும் நான், மருந்து நெடியில் கண் எரிய எரிய. சிநேகிதிகளை விலைக்கு வாங்கலாம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் ஓசியில் வந்தவர்கள். தரமும் அப்படித்தான் இருக்கிறது. முடி உலர்த்தும் டிரையருக்குக் கீழே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஐமோஜீனிடம் சொன்னேன். "ஏன் வெர்லீன், அதுல சேந்தா டிகிரி ரெண்டா குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது.

உன் அப்பாவின் பணம் உன் படிப்புக்கு. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க என்னிடம் சொன்னார்: "வெர்லீன், அவ கேக்குறதெல்லாம் குடுத்துறாத. ஆனா படிப்பு மட்டும் நிக்கக் கூடாது." ஹாய்ட் ஸ்ட்ரௌட் வாழ்நாளில் தெளிவாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான், அதை மீற மாட்டேன். பாடப் புத்தகம், விடுதி, சாப்பாடு, எதற்கும் ரசீது அனுப்பு, அன்றே பணம் வரும். பாட்டுப் பாடி வாசலில் கைதட்டுவதற்கு வராது.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

வெர்லீன்


செப்டம்பர் 10, 1987

வெர்லீனுக்கு,

என் கடிதத்தைக் கடையில் வாசித்துக் காட்டினீர்களா? ஐமோஜீனுக்கு என் விஷயத்தில் என்ன வேலை? அந்தக் கடையில் உட்கார்ந்தால் யார் வீட்டு உள்பாவாடையும் கொடியில் தொங்கும் என்று அப்பாவே சொல்வார்.

உங்களுக்குப் புரியாது. இந்த மாநிலத்தில் நல்ல வேலை எல்லாம் இந்தச் சங்கத்துப் பழைய உறுப்பினர்களின் கணவர்கள் கையில் இருக்கிறது. ஒரு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், மறுவருஷம் வேலை. இது இல்லாமல் நான் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கே போவேன்? உங்கள் கடையில் தரையில் விழுந்த முடியைப் பெருக்கவா? ஒன்பது வயதிலிருந்து பெருக்கியது போதும்.

மில்லில் மரத்தூளைச் சுவாசித்துச் சுவாசித்துத்தான் என் அப்பா செத்தார். அந்தப் பணம் வந்த ஆறாவது மாதம் உங்கள் கடைக்கு இரண்டு புது நாற்காலி வந்தது. ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன்.

உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது அப்பா என்னைக் கேட்கவில்லை. நீங்கள் வந்த மறுவாரமே என் அம்மா தைத்த திரைச்சீலைகளைக் கழற்றினீர்கள். எட்டு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கே உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

லினெட்


செப்டம்பர் 16, 1987

லினெட்,

நாற்காலிகள் தவணையில் வாங்கியவை. மாதம் பதினெட்டு டாலர், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கடைக்காரனின் ரசீது வேண்டுமானால் அனுப்புகிறேன், உன் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டு.

திரைச்சீலைகளைக் கழற்றியது உண்மை. அதில் பூஞ்சை. நீ படுத்தால் இருமல் நிற்காது. டாக்டர் சொல்லித்தான் கழற்றினேன். அதை அன்றைக்கே உன்னிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எனக்கு வயது இருபத்தாறு, உன்னைப் பார்த்தாலே பயம். நீ என்னை முறைத்த முறைப்பு அப்படி. இப்போது பயம் போய்விட்டது.

அக்டோபரில் அங்கே குளிர ஆரம்பிக்கும் என்கிறார்கள். உன் கோட்டின் கை ஏறிப்போய்விட்டது. அறுபது டாலர் வைத்திருக்கிறேன். நல்ல கம்பளியாகப் பார்த்து வாங்கு, மலிவு சரக்கு வாங்காதே. இது என் காசு, உன் அப்பாவுடையது இல்லை.

வெர்லீன்


அக்டோபர் 12, 1987

வெர்லீனுக்கு,

பணம் வந்தது. கோட்டு பழையதே போதும்.

சங்க விஷயத்தை நானே பார்த்துக்கொண்டேன், நீங்கள் இனி கவலைப்பட வேண்டாம். பட்டிருந்தால்தானே. முதல் தவணை கட்டியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பாட்டுப் பயிற்சிக்கு வராவிட்டால் ஐந்து டாலர் அபராதம், திங்கட்கிழமை பின் குத்திக்கொள்ளும் நாளில் ஜீன்ஸ் போட்டால் மூன்று டாலர். நான் இதுவரை ஒரு அபராதமும் கட்டவில்லை. இரண்டு இரவல் பாவாடையை வைத்து ஆறு வாரம் ஓட்டிவிட்டேன்.

நவம்பர் 14 சனிக்கிழமை அம்மாக்கள் தினம். காலையில் சங்க வீட்டில் விருந்து, பிறகு எல்லாரும் சேர்ந்து கால்பந்து ஆட்டம் பார்க்கப் போவார்கள். அழைப்பிதழ் எல்லார் வீட்டுக்கும் போகிறது, உங்களுக்கும் வரலாம். வரத் தேவையில்லை. மற்றவர்களின் அம்மாக்கள் முத்துமாலை போட்டுக்கொண்டு மெல்லப் பேசுகிறவர்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் யார் தலையையாவது பார்த்து, "யாரும்மா இதைக் கொதறி வச்சது?" என்று கேட்டுவிடுவீர்கள். அன்றைக்கு வேலை இருந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

லினெட்


அக்டோபர் 29, 1987

லினெட்,

செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்குப் போன் வந்தது. கையில் கத்தரிக்கோல், காதில் போன். உன் சங்கத்தின் ஆலோசகராம், திருமதி ஆல்ட்ரிஜ். மெல்லத்தான் பேசினார், நீ சொன்னது சரி.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மெழுகுவர்த்தியைக் கைமாற்றிக் கைமாற்றி, கையில் வாங்கியவள் தன் பெரிய துக்கத்தைச் சொல்ல வேண்டுமாமே. நீ என்ன சொன்னாய் என்று அந்த அம்மாள் வார்த்தை மாறாமல் சொன்னார். ஆறு வயதில் அம்மா போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார், வீட்டில் இருக்கிற சித்தி சங்கத்துக்கு ஒரு காசு தர மாட்டேன் என்றுவிட்டாள், படிவத்தைக்கூட வெறுமனே திருப்பி அனுப்பினாள், எனக்கு என்று உலகத்தில் யாரும் இல்லை. அறையே அழுததாம். பொருளாளர் கேண்டஸும் அழுதாளாம். அழுது முடித்துவிட்டு மாடிக்குப் போய் உன் படிவம் இருந்த கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"உங்க பேர்ல கையெழுத்து இருக்குங்க. உறவுன்னு போட்ட எடத்துல அம்மான்னு இருக்கு. ரெண்டாவது தவணையும் வரல. தப்பா நெனைக்காதீங்க, அது நீங்க போட்ட கையெழுத்துதானா?" என்று திருமதி ஆல்ட்ரிஜ் கேட்டார்.

தலையில் பாதி வெட்டிய முடியோடு பாதிரியார் மனைவி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்வேன்? "கடையில கூட்டமா இருக்குங்க, அடுத்த வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றேன். என்னுடையது இல்லை என்றால் விஷயம் கல்லூரியின் ஒழுங்குக் குழுவுக்குப் போகுமாம். கள்ளக் கையெழுத்துக்கு அங்கே ஒரே தண்டனைதானாம், பெயரை நீக்கி வீட்டுக்கு அனுப்புவது.

படிவத்தின் நகலைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். இன்று வந்தது. என் எதிரே மேஜையில் இருக்கிறது. கோட்டுப் பணத்தையும் அவர்களிடம்தான் கொடுத்தாயா?

வெள்ளிக்கிழமை நான் ஏன் உண்மையைச் சொல்லக் கூடாது என்று நீயே எழுது. நானும் யோசித்துப் பார்க்கிறேன், ஒரு காரணமும் தோன்றவில்லை.

வெர்லீன்


நவம்பர் 2, 1987

வெர்லீனுக்கு,

ஆம், நான்தான் போட்டேன். கோட்டுப் பணமும் அங்கேதான் போனது. மூன்று வாரமாகக் கோட்டு சலவைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். போதுமா?

நீங்கள் இல்லை என்று சொன்னால் இந்த வாரமே நான் வெளியே. இரண்டு பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், அதுவும் போகும். வேறு எந்தக் கல்லூரியும் எடுத்துக்கொள்ளாது, காரணத்தைப் பதிவில் எழுதிவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? பணத்தை நான் வேலை பார்த்து அடைப்பேன், நூலகத்தில் கேட்டிருக்கிறேன். பத்து வருஷமாக என்னை வெளியே தள்ளக் காத்திருந்தீர்கள், இப்போது ஒரு வார்த்தையில் முடியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவு என்ற இடத்தில் அம்மா, அப்பா, சட்டப்படி காப்பாளர் என்று மூன்று கட்டம்தான் இருந்தன. காப்பாளர் என்றால் நீதிமன்றத் தாள் கேட்பார்கள். அதனால்தான் அம்மா கட்டத்தில் எழுதினேன். அதில் வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அம்மா ஒருத்திதான்.

தயவுசெய்து ஆமாம் என்று சொல்லுங்கள்.

லினெட்


நவம்பர் 7, 1987

லினெட்,

நேற்றுக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டுத் திருமதி ஆல்ட்ரிஜைக் கூப்பிட்டேன். நீ அங்கேயே இருக்கலாம். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மே மாதம் வரை தவணை என் கடையிலிருந்து போகும். நீ நூலகத்துக்குப் போக வேண்டாம், படி. கல்லூரிக் கட்டணமும் இதுவரை போனபடியே போகும்.

இல்லை என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். மூன்று நாள் அதைத்தான் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன்னை அங்கிருந்து துரத்தினால் நீ இந்த வீட்டுக்குத்தான் வருவாய். எதிரெதிரே உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்த நகல் வந்த அன்று, மறுபடி கோபம் வருவதற்கு முன்னால், அம்மா கட்டத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். உன் கடிதம் வந்து ஏன் அங்கே எழுதினாய் என்று தெரிந்துகொண்டபோது, நீ செய்த கள்ளக் கையெழுத்தைவிட அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு அவமானமாக இருந்தது. காரணத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் நீ. நான் உன்னிடம் கேட்கவே இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு வருவதானால் வா. வீடு உன் அப்பாவுடையது, சாவி ஐமோஜீனிடம் இருக்கும். நான் மொபீல் நகரத்தில் என் அக்கா வீட்டில் இருப்பேன். இனிமேல் ரசீதுகளை நேராக வங்கிக்கு அனுப்பு, அவர்களிடம் சொல்லிவிட்டேன். கடிதம் வேண்டாம்.

போனில் நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு அவர்கள் கேட்டால் நீ மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

"கையெழுத்து என்னோடதுதாங்க," என்றேன். "மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் மனசு மாறிப் போட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்கு என் மேல இருந்த கோவம் ஆறல, அதான் உங்க எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லிருக்கு."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ரொம்ப சந்தோஷம்ங்க. அப்ப அம்மான்னு எழுதினதும் சரிதான? அடுத்த சனிக்கிழமை விருந்துல உங்களுக்கும் ஒரு எடம் போட்டுறட்டுமா?"

"எடம் வேண்டாங்க. நான் அவ அம்மா இல்ல. அவ அம்மா செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. அந்தக் கட்டத்துல எழுதினது மட்டும் தப்பு, அடிச்சிருங்க."

"அடிச்சிட்டு என்னன்னு எழுதிக்கட்டும்?"

"பணம் கட்டுற ஆளுன்னு எழுதிக்கோங்க," என்றேன். எழுதிக்கொண்டார்.

வெர்லீன் ஸ்ட்ரௌட்