திருப்பிப் பார்க்காத தாள்

3 மார்ச் 1987, செவ்வாய்
மங்கரே விமான நிலையச் சரக்குக் கிட்டங்கியில் வழக்கமான நாள். விமானத்தில் வந்த பெட்டிகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. இந்த நாட்டுக்கு வருமுன் ஊரில் ஒன்பது வருடம் மேன்முறையீட்டு நீதிபதியாக இருந்தவனுக்கு இது பெரிய காரியமில்லை; பெட்டிகள் வாதாடுவதில்லை. மேற்பார்வையாளர் அப்பலசாமி, ஃபிஜிக்காரர், “ஜட்ஜையா, டீ ரெடி” என்று கூப்பிடுகிறார். கேலிதான். கேட்க நன்றாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மகள் வசந்தமலர் ஒரு கடிதத்தோடு வாசலில் நிற்கிறாள். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சிறு மன்றமொன்றில் இடம் இருக்கிறதாம். இருபதாம் திகதி நேர்முகம். மறுபடி ஒரு நீதிபதிக் கதிரை! சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.

8 மார்ச், ஞாயிறு
லின்ஃபீல்டிலிருந்து ஆனந்தராசா என்றொருவர் தன் பழைய வழக்குத் தாள்கட்டோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். பழைய சிறைத்தண்டனையைக் காட்டி அவருக்கு நிரந்தர வதிவிடம் மறுத்துவிட்டார்களாம். மேன்முறையீட்டுக்குப் பதினெட்டாம் திகதி கடைசி.

“செய்யாத களவுக்கு ரெண்டு வருசம் உள்ளுக்கை இருந்தனான், ஐயா. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். “வைச்சிட்டுப் போங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்,” என்றேன். கேட்ட அன்றே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை.

9 மார்ச்
கட்டின் கடைசித் தாளில் என் கையெழுத்து. 1979. மேன்முறையீடு தள்ளுபடி.

ஆளின் முகம் நினைவில் இல்லை. எப்படி இருக்கும்? எங்களிடம் ஆட்கள் வருவதில்லை, தாள்கள்தான் வரும்.

12 மார்ச்
கூட்டுறவுச் சங்கக்கடையில் நடந்த பகற்களவு. பொலிசில் அவர் தமிழில் கொடுத்த வாக்குமூலம் தாளின் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்போ முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. பின்பக்கத்தில் — அன்று முழுவதும் தாயோடு ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். வார்டு இலக்கம்கூட இருக்கிறது. தாதியின் பெயர் குணவதி. குணவதியை ஒருவரும் விசாரிக்கவில்லை.

நாங்கள் ஆங்கிலப் பிரதியைத்தான் வாசிப்போம். தமிழ் மூலம் பின்னால் கட்டியிருக்கும். சட்டத்தரணி எழுப்பாததை நீதிபதி தேடிப் போகக்கூடாது என்பது என் கொள்கை. அதற்காகப் பெயரும் எடுத்தவன்.

அந்த மேன்முறையீட்டைக் கேட்ட மூன்று நீதிபதிகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு தாளைத் திருப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? விசரன். ரெண்டு வருசமடா, ரெண்டு வருசம்!

13 மார்ச்
ஆனந்தராசாவின் மேன்முறையீட்டுக்குச் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று வசந்தமலரிடம் சொன்னேன்.

“நீங்களே உங்கடை தீர்ப்புப் பிழையெண்டு எழுதினா, அப்பா, ஆர் உங்களைத் திரும்பக் கதிரையிலை இருத்துவினம்? வேற ஆரும் எழுதட்டுமன்.”

நியாயமான கேள்வி. நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

15 மார்ச், ஞாயிறு
ஆனந்தராசாவைக் கூப்பிட்டு, அந்தத் தீர்ப்பை எழுதியவன் நான்தான் என்றேன்.

“தெரியும் ஐயா. பேரைப் பாத்துத்தான் வந்தனான். வேற ஆர் சொன்னா நம்புவினம்?”

தேநீரைக் குடித்து முடித்தார். வைவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

17 மார்ச்
சத்தியக்கடதாசி நான்கு பந்தி. ‘பிழை என்னுடையது’ என்ற வரியை மூன்று தடவை வெட்டினேன். நான்காம் தடவை விட்டுவிட்டேன். ஒப்பமிட்டாயிற்று.

20 மார்ச், வெள்ளி
நேர்முகம். கொடுத்த தீர்ப்புகளில் ஏதாவது ஒன்றை இப்போது மாற்றி எழுத விரும்புவீர்களா என்று கேட்டார்கள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியாக இருக்கலாம். சொன்னேன், முழுவதும்.

மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பேனைகளை மூடினார்கள்.

22 ஜூன், திங்கள்
நேற்று ஆனந்தராசாவும் மனைவி யோகராணியும் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். வதிவிடம் கிடைத்துவிட்டது. யோகராணி என்னோடு கதைக்கவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு.

இன்று கிட்டங்கியில் வேலை மெதுவாகப் போகிறதென்று அப்பலசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன ஜட்ஜையா, ஒவ்வொரு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? பின்னால ஒண்ணும் இருக்காது.”

“பாத்திட்டுச் சொல்லுறன்,” என்றேன்.