கடைவாசலில் கொடி

2009 ஏப்ரல் 28

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஒருவாறு முடிந்தது. 1906இல் சீனப் பேரரசு அரசியலமைப்புத் தருவதாக அறிவித்ததும் நகரங்களில் விழா, கடைகளில் டிராகன் கொடி. சனங்கள் தாமாகவே கட்டினார்கள், தங்களை ஒரு நாட்டவராக உணர்ந்தார்கள் என்பது என் வாதம். 'தாமாகவே' என்பதற்கு ஆதாரம் எங்கே என்று மேற்பார்வையாளர் கத்தரின் கேட்டார். கொடிதான் ஆதாரம் என்றேன். கேட்கிற கேள்வியைப் பார்!

மே 18

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். இவர் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்து ஆர்ப்பாட்டத்திலிருந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மே 20

கொழும்பு கொண்டாடுகிறது. பாற்சோறு, பட்டாசு. இணையத்தில் வெள்ளவத்தைத் தமிழ்க்கடைத் தெருப் படம் ஒன்றை இவர் காட்டினார். "இது கொண்ணையின்ர கடையெல்லே?"

அண்ணையின் கடைதான். வாசலில் புத்தம்புதிய சிங்கக்கொடி.

உடனே போன் எடுத்துக் கத்தினேன். செத்த சனத்துக்கு மேலயோ கொடி கட்டினனீ? உனக்கு வெக்கமில்லையோ? — அண்ணையை வாழ்நாளில் முதல் தடவையாக 'நீ' என்றுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "கட்டச் சொல்லிப்போட்டுப் போனவை, பிள்ளை. தெருவில ஒரு கடை மிச்சமில்லை."

மே 21

'தெருவில் ஒரு கடை மிச்சமில்லை.' இதே வசனத்தைத்தான் என் அத்தியாயத்தில் மக்களின் உற்சாகத்துக்குச் சான்றாக எழுதி வைத்திருக்கிறேன். படிச்ச மடைச்சி நான்.

ஜூன் 9

அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன். கேட்டதோ, கொடி இன்னும் இருக்கா என்று. ஏன் அதைக் கேட்டேன்?

"கட்டச் சொன்னவை கழட்டச் சொல்லேல்லை. முதல்ல ஆர் கழட்டுறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நீ கத்தினது கடைக்குள்ள நிண்ட ஆக்களுக்கும் கேட்டது. அடுத்த நாள் பொலிஸ் வந்து விசாரிச்சவை, லண்டனில ஆர் எண்டு. இனி எடுக்காதை, பிள்ளை. உன்ர குரலைக் கேக்கவே பயமாக் கிடக்கு."

கொடி கட்டி அவர் காப்பாற்றியதை நான் ஒரு போனில் கெடுத்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்ல?

ஜூலை 2

அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றார் கத்தரின். அந்தக் கடைக்காரர்கள் மனதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது என்றேன். எழுத ஒன்றும் ஓடவில்லை. எழுதித்தான் என்ன?

செப்டெம்பர் 14

அண்ணைக்கு இன்று ஐம்பது வயது. போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

வேலையால் வந்த இவர், "கொண்ணையோட கதைச்சனீரோ?" என்றார்.

"ஓம், சந்தோஷமா இருக்கிறாராம்" என்றேன்.