மூன்று தரம் நீ அழைத்த சனிக்கிழமை

ஊருக்கெல்லாம் சசிகலா, அம்மாவுக்குச் சசி, சண்டை பிடிக்கும்போதுகூட எனக்கு அக்காவாகவே இருந்த என் அக்காவுக்கு,

வருகிற புதன்கிழமை உன்னுடைய ஆண்டுத் திவசம். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். "காலன் அழைத்தான், கலங்காமல் சென்றாய்" என்று தொடங்கும். அந்த நாளுக்கு வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்து அழுதார்கள். அந்தக் கவிதை பொய், அக்கா. காலன் உன்னை அழைப்பதற்கு முன் நீ என்னை அழைத்தாய். மூன்று தரம் அழைத்தாய்.

அதை எழுதத்தான் இந்தக் கடிதம். அந்த மலரை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

லண்டன் நோர்பரியில் நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு சாதாரணமாக வாழ்ந்தோம். நீ கவுன்சில் அலுவலகத்தில் வீதிகளுக்கும் வடிகால்களுக்கும் படம் வரைந்தாய். பஸ்ஸில் போகும்போது, "இந்த வளைவு என்ரை. பார், எவ்வளவு வடிவாத் திரும்புது" என்பாய். நான் காலை ரயிலில் காதுக்குள் பாட்டும் மடியில் கணினிச் சஞ்சிகையுமாக லண்டன் பிரிட்ஜ் போய், ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு நிரல் எழுதிவிட்டு வருவேன். அம்மா கதவைத் திறந்ததும், "சாப்பிட்டனியோ?" என்பார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஸ்னூக்கரில் அப்படி என்ன பைத்தியம் என்று உன்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. வந்த புதிதில் எங்களிடம் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிதான். மேசையில் உருளும் நிறப் பந்தெல்லாம் அதில் சாம்பல். நீயோ, "இப்ப நீலம் அடிக்கப் போறான்" என்பாய். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பந்தைப் பாக்காதை, அவன்ரை முகத்தைப் பார்" என்பாய். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எனக்குப் பைத்தியம் வேறு. கணினியைத் தொலைபேசி வயரில் கொளுவி, முகம் தெரியாதவர்களின் கணினிகளுக்குள் போய் வருவது. மோடம் என்ற அந்தச் சின்னப் பெட்டி கீச்சிட்டுத் தொடங்கும். அது வேலை செய்யும் மட்டும் எங்கள் வீட்டுக்கு யார் எடுத்தாலும் லைன் கிடைக்காத எங்கேஜ் சத்தம்தான் கேட்கும்.

"டேய், ஆரும் அவசரத்துக்கு எடுத்தா என்னடா செய்யிறது?" என்று நீ ஒருநாள் கேட்டாய்.

"எங்களுக்கு ஆர் அவசரமா எடுக்கப் போயினம்?" என்றேன்.

"எண்டாலும் ரெண்டாவது லைனுக்கு எழுதிப்போடு."

"ஓம்" என்றேன். எழுதிப் போடவில்லை.

அது போன ஆனி மாதத்துச் சனிக்கிழமை. புல்லினதும் பூவினதும் மகரந்தத் தூள் காற்றில் பறக்கிற காலம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நீ வழமைபோல் உன் சிநேகிதி ரஞ்சி அக்காவோடு பேட்மின்டன் விளையாடத் தோர்ன்டன் ஹீத் பக்கம் உள்ள விளையாட்டு மண்டபத்துக்குப் புறப்பட்டாய். அன்றுதான் புதுப் பையை எடுத்துப் போனாய். தொய்வு வந்து மூச்சு முட்டினால் நீ இழுக்கும் பம்ப், கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய பைக்குள் கிடந்தது. நீ அதை மறந்தாய். நான் அதைக் காணவில்லை. "முட்டை அவிச்சு வைச்சிருக்கிறன், தின்" என்று கீழே இருந்து சத்தமாகச் சொன்னாய். நான் பதில்கூடச் சொல்லவில்லை. மோடத்தைப் போட்டுவிட்டேன்.

விமானம் ஓட்டுகிற ஒரு விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அரைவாசியைத் தாண்டியதும் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பவும் தொடங்கினேன். திரையில் நூற்றுவீதக் கணக்கு மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி, நீ அவித்து வைத்த முட்டையைத் தின்றுகொண்டு இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

எல்லாம் இறங்கி முடிந்து நான் வயரைக் கழற்றிய அந்த நிமிடமே தொலைபேசி அடித்தது.

"தம்பி, நான் ரஞ்சி. சசிக்குத் தொய்வு கூடிப்போச்சு. ஆம்புலன்ஸிலை கொண்டுபோகினம். நீர் உடனே ஆஸ்பத்திரிக்கு வாரும்."

"அக்கா கதைக்கிறாவோ?"

"வாரும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தில் மூச்சுக்கு வைத்த மூடியின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. மற்றப்படி நீ நித்திரைபோலத்தான் இருந்தாய். முப்பது வயது. கோயிலிலிருந்து கூட்டிக்கொண்டு வரப்பட்ட அம்மா, கையில் மடித்து வைத்திருந்த திருநீற்றை உன் நெற்றியில் பூசிவிட்டு, "எழும்பு பிள்ளை, வீட்டை போவம்" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரஞ்சி அக்கா என்னை வெளியே கூப்பிட்டார். விளையாடிய உடுப்போடுதான் நின்றார்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். உங்கடை வீட்டு ஃபோன் பழுதோ?"

"ஏன் அக்கா?"

"அவ மூண்டு தரம் எடுத்தவ. எங்கேஜ், எங்கேஜ் எண்டு வந்து வந்து இருந்தவ. ஆம்புலன்ஸுக்கு அடிப்பம் எண்டு நான் சொன்னனான். 'சீ, இதுக்கேன் அந்தப் பெரிய எடுப்பு, தம்பி பம்பைக் கொண்டு ஓடி வந்திடுவான்' எண்டவ. மூண்டாம் தரம் எடுத்துப்போட்டு வரேக்கைதான் விழுந்தவ."

வீட்டிலிருந்து அந்த மண்டபத்துக்கு ஓடினால் பத்து நிமிடம்.

"ஓம் அக்கா. ஃபோன் பழுது" என்றேன்.

அந்த ஒரு பொய்யை ரஞ்சி அக்கா எல்லோருக்கும் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் தொலைபேசியைத் திட்டினார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும், "ஃபோன் மட்டும் சரியா இருந்திருந்தா என்ரை பிள்ளை பறந்து போயிருப்பான். அவளெண்டா அவனுக்கு உயிர்" என்று என் தலையைத் தடவித் தடவிச் சொன்னார். அந்தக் கையை நான் எப்படித் தாங்கினேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. கவிதையும் அந்தக் கிழமைகளில்தான் எழுதினேன். கேட்டார்கள், எழுதினேன்.

வேலைக்குத் திரும்பிப் போனேன். கணினிக்கு முன்னால் இருப்பேன். ஒரு வரிகூட எழுத வராது. பின்னேரம் வரைக்கும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்துவிட்டு எழும்பி வருவேன். என் மேலாளர் நல்ல மனிதர். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வைத்தியரிடம் போகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாட்டுக் கேட்கவில்லை. சஞ்சிகைகள் உறை பிரிக்காமல் கிடந்தன. மோடத்தைக் குப்பையில் போட்டேன். போட்டென்ன?

வேலை இல்லாதபோதும் காலையில் நோர்பரி ஸ்டேஷனுக்குப் போய் நிற்கத் தொடங்கினேன். அங்கே நிற்காமல் போகிற ரயில்கள் உண்டல்லவா. அவை வரும்போது என் கால் மேடை விளிம்பின் மஞ்சள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்வேன். ஏன் பார்க்க வேண்டி வந்தது என்று நீ கேட்க மாட்டாய். உனக்கு விளங்கும்.

சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்துக்குப் போனேன். வாசலுக்கு உள்ளே, சுவரில் அந்தத் தொலைபேசி இருக்கிறது. நீ பிடித்த அதே கைபிடி. எங்கள் வீட்டு இலக்கத்தை அழுத்துவேன். இரண்டாம் தரம் மணி அடிக்கும்போதே அம்மா எடுத்து, "ஹலோ, ஆர்?" என்பார். வைத்துவிடுவேன். உனக்கு ஒரு தரம்கூடக் கிடைக்காத அந்தக் குரல் எனக்கு உடனே கிடைத்தது. அடுத்த சனியும் போனேன். அதற்கு அடுத்ததும் போனேன்.

ஐப்பசியில் ஒருநாள் அம்மா, "ஆரெண்டாலும் கதையுங்கோ. நான் வைக்கமாட்டன்" என்றார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் மட்டையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன்.

"அம்மா, நான்தான்."

"எங்கையிருந்து?"

"அக்கா எடுத்த இடத்திலையிருந்து."

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஃபோன் பழுதில்லை அம்மா. நான்தான் கம்ப்யூட்டரைப் போட்டு வைச்சிருந்தனான். அக்கா எடுக்கேக்கை லைன் என்னட்டைத்தான் இருந்தது."

"ஆரோடை கதைச்சுக்கொண்டிருந்தனீ?"

"ஒருத்தரோடையும் இல்லை. ஒரு விளையாட்டு எடுத்துக்கொண்டிருந்தனான்."

"விளையாட்டோ" என்றார். அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வீட்டை வா" என்றார்.

கதவு திறந்து கிடந்தது. அம்மா படியில் இருந்தார். ரிசீவர் இன்னும் மடியில் கிடந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அம்மா என்னோடு பேசவில்லை. சமைப்பார். என் சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைப்பார். நான் கீழே வரும் சத்தம் கேட்டால் அறைக்குப் போய்விடுவார். "சாப்பிட்டனியோ?" என்ற சொல் இல்லாத வீட்டில் சோறு தொண்டைக்குள் இறங்காது, அக்கா.

ரஞ்சி அக்காவிடமும் போய்ச் சொன்னேன். "நானும்தான் தம்பி. அவ முதல்தரம் போய் வரேக்கை, 'கொஞ்சம் இரும் சசி, இந்த ஆட்டத்தை முடிச்சிட்டு வாறன்' எண்டு சொன்னனான். முடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். அவர் அதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை. இரண்டு பேரும் தேத்தண்ணியை ஆறவிட்டோம். அவர் இப்போது விளையாடப் போவதில்லை.

மார்கழி தொடங்கிய ஒரு காலை. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். அம்மா வந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

"எங்கை போறாய்?"

"சும்மா. ஸ்டேஷன் பக்கம்."

"வேலையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஸ்டேஷனிலை உனக்கு என்ன அலுவல்?"

அம்மா கிட்ட வந்து என் கோட்டுக் கையைப் பிடித்தார்.

"உன்னை மன்னிக்க எனக்கு இப்ப ஏலாது. ஏலும் எண்டு பொய் சொல்லவும் மாட்டன். ஆனா இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோய் எரிக்க எனக்கு ஏலாது. விளங்குதோ?"

"ஓம் அம்மா."

"இரு. இருந்து அழு. என்னோடை இருந்து அழு."

அம்மாவே என் கோட்டைக் கழற்றினார், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைக்குக் கழற்றுவதுபோல. நீ போய் ஆறு மாதம். அன்றைக்குத்தான் நான் சத்தமாக அழுதேன். அம்மா பக்கத்தில் இருந்தார். என்னைத் தொடவில்லை. எழும்பியும் போகவில்லை.

இப்போதைய புதினங்களையும் சொல்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு வேலைக்குப் போகிறேன். அலுவலகத்தில் எல்லோரும் இணையம் இணையம் என்கிறார்கள். மோடம் பற்றித் தெரிந்தவன் என்று அந்தப் பொறுப்பை எனக்குத் தரப் பார்த்தார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அந்தக் கீச்சுச் சத்தம் எங்கேயாவது கேட்டால் எழும்பிப் போய்க் கழிவறையில் நின்றுவிட்டு வருகிறேன். ஸ்னூக்கர் போட்டி நடந்தபோது அம்மா தானாகவே தொலைக்காட்சியைப் போட்டார். விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. கறுப்புப் பந்து விழுந்தால் மட்டும், "இது அவளுக்குப் பிடிக்கும்" என்பார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது. நான் "ஓம்" என்பேன்.

அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பவா என்று கேட்டேன். "உண்மையெண்டா அனுப்பு" என்றார்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாதது. மூன்றாம் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என்ன நினைத்தாய்? "இவன் திரும்பவும் தொடங்கிட்டான்" என்று சலித்துக்கொண்டாயா? என்னில் கோபம் வந்ததா? இல்லை, இன்னும் ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவான் என்று கடைசி வரைக்கும் நம்பினாயா? கோபம் என்றால் தாங்குவேன். நம்பினாய் என்றால் நான் என்ன செய்வேன், அக்கா?

இந்தப் பதிலைக் கேட்பதற்காகவே உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று எத்தனையோ காலைகளில் நினைத்திருக்கிறேன். வரமாட்டேன். அம்மாவின் கை பிடித்த இடத்தில் நின்று உனக்கு வாக்குத் தருகிறேன். பதில் தெரியாமலே காலையில் எழும்புவேன். பதில் தெரியாமலே அம்மாவோடு இருந்து சாப்பிடுவேன். எத்தனை வருடம் என்றாலும் தெரியாமலே இருப்பேன். ஆனால் இருப்பேன்.

உன்னோடு கூடப் பிறந்த ஒரே தம்பி,
சுதன்
நோர்பரி, லண்டன்