ஆந்தைக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம்

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முதுகு வலியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மாவுக்குக் கோபம்.

யோசிக்கும் இயந்திரம் செய்கிறேன் என்று நான் அந்தக் காலத்தில் கிறுக்கிய காகிதங்களையெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தார் பதினோரு பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா குப்பை என்றதை நூலகர் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறார். "இப்பவாவது பீரோ கதவு மூடுதே" என்கிறாள் அம்மா.

தொகுப்புக்குக் குடும்பத்திலிருந்து ஒரு பக்க முன்னுரை வேண்டுமாம். நீயும் அதே தொழிலில் இருப்பதால் உன்னைச் சொல்லிவிட்டேன். நல்லதாக நாலு வார்த்தை எழுது.

அப்பா

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகு தேவலை. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நூலகர் அனுப்பிய நகல்களைப் படித்தேன். நாம் மனதில் நினைத்த விலங்கைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கும் இயந்திரம். தோற்றால், ஜெயித்தவரிடமே புதுக் கேள்வி ஒன்றைக் கற்றுக்கொள்ளும். பெருமையாக இருந்தது. ஆனால் கடைசி அறிக்கையில், "குழுவின் முன் அபத்தமான விடை தந்ததால் திட்டம் கைவிடப்பட்டது" என்று ஒரே வரி. என்ன விடை? நீங்கள் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை?

நான் வேலைக்காக இங்கே கிளம்பிய அன்று, "உங்கள மாதிரி பாதியில விட்டுட்டு வரமாட்டேன்" என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னவள். அந்த வாயோடு நல்லதாக நாலு வார்த்தை எழுத வரவில்லை. ஓர் உறையை மட்டும் நீங்கள் கொடுக்க மறுத்தீர்களாமே. அதில் என்ன இருக்கிறது?

உங்கள் மகள்

மார்ச் 6

அன்புள்ள மகளுக்கு,

உறையில் இருப்பது அந்த இயந்திரம் அடித்துத் தந்த ஓர் அச்சுத்தாள். நகலை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அழாதே.

உனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. உன்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் இயந்திரத்தின் முன் உட்காரவைத்தேன். நீ என்னை நினைத்துக்கொண்டாய். இரண்டு கால், இரவில் விழித்திருக்கும் என்றதும் அது "ஆந்தை" என்றது. நீ "இல்லை, அப்பா" என்றாய். ஆந்தைக்கும் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டது. நீ கற்றுக்கொடுத்த கேள்வி: "சாப்பிட வீட்டுக்கு வருமா?" ஆந்தை வரும், அப்பா வராது.

மறுநாள் திட்டத்தைச் சோதிக்க வந்த குழுவின் தலைவர் ஆந்தையைத்தான் நினைத்திருந்தார். பிடித்த இடத்திலேயே தின்கிற பறவைதானே என்று "வராது" எனப் பதில் சொன்னார். இயந்திரம், "நீங்கள் நினைத்தது அப்பா" என்றது. அறையே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. குழந்தை செய்த வேலை என்று காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. எனக்கே விஷயம் அங்கேதான் தெரியவந்தது.

அப்பா

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

அழாதே என்றால் எப்படி அப்பா? அதற்குப் பிறகுதான் நீங்கள் கணக்கு வாத்தியாராகி, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். உங்கள் வேலையை நானே கெடுத்துவிட்டு உங்களையே ஏசியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சரிபார்த்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டுத் தேதி எழுதுவது உங்கள் வழக்கம். எல்லா நகல்களிலும் பார்த்தேன். என் கேள்விக்குப் பக்கத்திலும் டிக் இருக்கிறது. தேதி, குழு வருவதற்கு முந்தைய நாள்.

பார்த்துவிட்டீர்கள், இல்லையா?

உங்கள் மகள்

ஏப்ரல் 3

அன்புள்ள மகளுக்கு,

பார்த்தேன். அன்று சாயங்காலமே பார்த்தேன். அந்த இயந்திரத்துக்கு எல்லாமே துளையிட்ட அட்டைகள்தான், உன் கேள்வி ஒரே ஓர் அட்டையில் துளைகளாக இருந்தது. அதை உருவிப் போட்டால் தீர்ந்தது. கையில் எடுத்தும்விட்டேன். நீ பக்கத்து நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, எதைத் திருத்துவது? மறுபடி அட்டைக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டேன். யார் ஆந்தையை நினைக்கப்போகிறார்கள் என்ற அசட்டுத் தைரியமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

உறையை நேற்று நூலகரிடம் கொடுத்துவிட்டேன். முன்னுரையில் குழந்தையைக் குற்றம் சொல்லாதே. தெரிந்தே விட்டவன் நான்.

நீ அன்று சொன்னதும் சரிதான், பாதியில்தான் விட்டேன். அதற்காக வருத்தப்பட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அப்பா