ஆறாயிரத்தில் நிற்கச் சொன்னார்கள்

2025 பெப்ரவரி 11, நாவற்குடா

தண்ணீர் மோட்டர் நின்றுபோனது. புது மோட்டர் வாங்கச் சொல்லிவிட்டுப் போனானாம் பழுது பார்க்க வந்தவன். திறந்துகூடப் பார்க்கவில்லை. கப்பாசிட்டர்தான் போயிருந்தது. கல்லடியில் ஒன்று வாங்கிப் போட்டேன், ஓடுகிறது.

“பிளேன் ஓட்டுற பொடியனுக்கு இது ஒரு வேலையா?” என்று அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார். வெட்கம். பிடித்தும் இருந்தது.

துணை விமானியாகப் பயிற்சி முடிய இன்னும் சில பறப்புகள்தான். பயிற்றும் கப்டன் சாலிஹ் கையெழுத்திட்டால் சரி. அவருக்கு ஊர் காத்தான்குடி என்றதும் அம்மா சிரித்தார். “அடுத்த ஊர்தானே மனே. ஒனக்கு பாஸ்தான்.”

உயரமானிக்கு ஊர் தெரியுமா? கேட்டால் கோபிப்பார். கேட்கவில்லை.

பெப்ரவரி 14, நீர்கொழும்பு அறை

சாலிஹ் சேருடன் முதல் பறப்பு. அவரிடம் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

பெப்ரவரி 16

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மாலைப் புறப்பாடு. ஓடுபாதைக்கு முன்னால் வரிசை, வானொலியில் ஓயாத பேச்சு. நான் ஓட்டினேன். வானொலியும் உயரக் குமிழும் சாலிஹ் சேர் கையில். புது உயரம் வந்தால் அவர் குமிழைத் திருப்ப வேண்டும்; அதில் வைத்த எண் வரை தானியங்கி விமானத்தை ஏற்றும். இருவரும் அந்த எண்ணை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேறு பேச்சே கூடாது. அது சட்டம்.

எட்டாயிரம் வரை அனுமதி இருந்தது. ஏறும்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆறாயிரத்தில் நிற்கச் சொன்னார்கள். ஏழாயிரத்தில் வேறொரு விமானம் குறுக்கே வந்துகொண்டிருந்தது. சாலிஹ் சேர் “ஆறாயிரம்” என்று திருப்பிச் சொன்னார், கை குமிழுக்குப் போனது. அதே நேரம் அலைவரிசையை மாற்றச் சொன்னார்கள். கை அங்கே போய்விட்டது. மாற்றி முடித்து என் பக்கம் திரும்பினார்.

“நாவற்குடாவில தாய்வழி என்ன குடி தம்பி?”

எங்கள் பக்கத்தில் தமிழனோ முஸ்லிமோ, இரண்டு பேர் சந்தித்தால் இரண்டாவது கேள்வி அதுதான், தாய் வழியில் எந்த வம்சம் என்று. எனக்கும் பதில் நாக்கில் வந்துவிட்டது. ஆனால் விரல் — எண்ணைச் சுட்டி இருவர் விரலும் நீளவில்லையே. பார்த்தேன். குமிழின் மேல் இன்னும் எட்டாயிரம்.

“சேர், ஆறு!”

கத்தினேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. தானியங்கியைத் துண்டித்து விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினேன். ஆறாயிரத்து நூறைத் தொட்டு இறங்கியது. சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஒரு வெளிச்சம் கடந்து போனது.

நான் பிடித்தேன். நான்.

இறங்கிய பிறகு கேட்டார், “அறிக்கை எழுதுவீங்களா?”

“ஓம் சேர்.”

தலையாட்டினார். கையெழுத்திடாமல் போய்விட்டார்.

பெப்ரவரி 17

அக்கா வதனி தொலைபேசியில்: “நூறடி என்ன, ரெண்டு தென்னமர உசரம். அதுக்குப் போய் ஒரு மனுஷன்ட பேரைக் கெடுப்பியா? கையெழுத்த வாங்கிட்டு எழுதன்டா, விசரா.”

வாங்கிவிட்டு எழுதினால் கள்ளத்தனம். எழுதாமல் விட்டால் அடுத்த முறை வேறு யாரோ அதே இடத்தில் கதைப்பார்கள், பக்கத்தில் இருப்பவன் பார்க்காமல் இருப்பான். இதை எப்படி அக்காவுக்கு விளக்குவது?

அனுப்பிவிட்டேன். என் பிழையையும் எழுதினேன்: ஆறாயிரம் என்று கேட்டவுடனேயே நான் விரலை நீட்டியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 21, நாவற்குடா

பறப்பு அட்டவணையில் என் பெயர் இல்லை. காரணம் சொல்ல ஆளில்லை. வீட்டில் இரு என்றால் இருக்க வேண்டியதுதான்.

பயிற்சியை நீட்டுவார்களா? நிறுத்தியே விடுவார்களா? அம்மா காணி விற்றுப் படிக்க வைத்தவர்.

மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே அம்மா: “இனி காத்தான்குடிக்குச் சீலை எடுக்க எந்த முகத்தோட போற? அவர்ட பொஞ்சாதி ஸஹீதா என்னோட படிச்சவ.”

“மட்டக்களப்பில வேற கடை இல்லையா?”

“இரிக்கி. விலை கூட.”

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். பிறகு என் தட்டைப் பார்க்காமல் கேட்டார்: “அந்த மற்ற பிளேன்லயும் சனம் இருந்திச்சா மனே?”

“நிறைய.”

இன்னொரு மீன் துண்டை வைத்தார். அதன்பின் சீலைப் பேச்சு இல்லை.

பெப்ரவரி 22

மோட்டர் நன்றாக ஓடுகிறது. நான்தான் ஓடவில்லை.

பெப்ரவரி 26, நீர்கொழும்பு

பயிற்சிப் பொறுப்பாளர் கூப்பிட்டார். பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதுவும் தேவைப்படவில்லை.

“சாலிஹின் அறிக்கை உங்களுடையதற்கு முதலே வந்துவிட்டது. பேசியது அவர், பிடித்தது நீங்கள் என்று எழுதியிருக்கிறார்.”

தன் பிழையைப் பிடித்தவனுக்குத் தானே கையெழுத்திட்டால் அதற்கு மதிப்பிருக்காது, வேறு கப்டன் சோதிக்கட்டும் என்று கேட்டதும் அவர்தானாம். பத்து நாள் அந்த மனிதரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 3

சோதனைப் பறப்பு. சித்தியடைந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கத்துக்கும் உடனே போயிருக்கும். போகட்டும்.

மார்ச் 19

இன்று மறுபடியும் சாலிஹ் சேர். அதே ஓடுபாதை, அதே நெரிசல். ஏறும்போது மூன்று முறை உயரம் மாற்றினார்கள். மூன்று முறையும் என் விரலுக்கு முன்னால் அவர் விரல் நீண்டது. வேறு ஒரு சொல் இல்லை.

பத்தாயிரம் தாண்டியது. தண்ணீர் குடித்தார், போத்தலை மூடினார்.

“இப்ப சொல்லுங்க தம்பி. என்ன குடி?”

குமிழைப் பார்த்தேன், உயரமானியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.