கூடத்தின் மேல் பழி

ஒலி மேதை அவர்களுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நல்லவேளை, அதில் வயர் எதுவும் இல்லை.

ஸ்பீக்கரில் பேஸ் என்கிற அந்தத் 'தும் தும்' அதிர்வு வரவில்லை என்று இத்தனை மாதமாகக் கூடத்தின் மேல் பழி போட்டீர்கள். திரைச்சீலை சத்தத்தைக் குடிக்கிறது என்று கழற்றினீர்கள். சோபா சத்தத்தைத் தின்கிறது என்று பால்கனிக்குத் தள்ளினீர்கள். நடுவில் உங்கள் நாற்காலி ஒன்றுதான் மிஞ்சியது. "அப்ப நான் எங்க உட்கார்றது?" என்று கேட்டேன். "உள்ள கட்டில் இருக்குல்ல? காதுன்னு ஒண்ணு இருந்தா இங்க வா" என்றீர்கள்.

காதில்லாதவள் இன்று காலை தூசி தட்டினேன். வலது ஸ்பீக்கரில் சிவப்பு வயர் சிவப்புத் துளையில் இருந்தது. இடது ஸ்பீக்கரில் அது கறுப்புத் துளையில் இருந்தது. ஒன்று காற்றைத் தள்ள மற்றொன்று இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்? மாற்றிச் செருகி, உங்கள் பாட்டைப் போட்டேன். ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது சோபாவை வெளியே தள்ளவில்லை.

சாயங்காலம் புது பேஸ் பெட்டி கொண்டுவர இருந்த கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேல் வீட்டு அண்ணன் கைகொடுக்க, சோபா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் நாற்காலி பால்கனியில் காற்று வாங்குகிறது.

பி.கு.: பாட்டு நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து வந்து மறுபடி கேட்பேன்.

இன்னொன்று: சோபாவில் ஜன்னல் பக்கம் என் இடம். மறுபக்கம் காலியாகத்தான் இருக்கும், வேண்டுமானால் வந்து உட்காருங்கள். வயரைத் தொடாதீர்கள்.